மீன் தீவனத்தில் மூலிகை: எது, எவ்வளவு, எப்போது?

செங்கற்பட்டு வட்டாரத்தில் ஏரிகளுக்கும் குட்டைகளுக்கும் குறைவில்லை. கூடுவாஞ்சேரியை அடுத்த நந்திவரம் ஏரியிலிருந்து கிழக்கே நெல்லிக்குப்பம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரை சென்றால் வழிநெடுக நீர்நிலைகளைக் காணலாம். இவற்றுள் பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, கோடையில் வற்றுபவை. சொந்த நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களை வளர்க்கும் சிறு விவசாயிக்குக் கிடைப்பது ஆறு அல்லது ஏழு மாதத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்குள் குஞ்சு விட்டு, வளர்த்து, பிடித்து, விற்று முடிக்க வேண்டும்.

நெற்பயிரில் ஒரு பகுதி பூச்சியால் போனால் மறுபகுதி மிஞ்சும். மீனில் அப்படி எதிர்பார்ப்பதற்கில்லை. தண்ணீருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. செத்த மீன் மிதக்கும்போதுதான் நோய் வந்திருப்பது தெரிகிறது. அடுத்த மழை வரும் வரை மறுபடி குஞ்சு விடவும் வழியில்லை. இந்தப் பயத்தினாலேயே விவசாயி கடைக்கு ஓடுகிறார். கைக்குக் கிடைத்த மருந்தை வாங்கிக் குட்டையில் கொட்டுகிறார்.

இப்போது கடைகளில் 'மூலிகை' என்று அச்சிட்ட புட்டிகளும் பொட்டலங்களும் நிறைய விற்பனைக்கு வருகின்றன. பூண்டு, மஞ்சள், கரிசலாங்கண்ணி என்று வீட்டிலும் வரப்பிலும் கிடைப்பவற்றைத் தாமே அரைத்துத் தீவனத்தில் கலப்போரும் உண்டு. இவற்றால் பலன் உண்டா? உண்டு. ஆனால் அளவும் காலமும் முறையும் தெரிந்து கொடுத்தால்தான் உண்டு. அவை தெரியாமல் கொடுத்தால் காசு வீண். சில செடிகளால் மீனே அழியும்.

தீவனம் வேறு, கூட்டுப் பொருள் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தீவனம். அசோலா, முருங்கை இலைத்தூள் ஆகியவற்றைப் பிண்ணாக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்த்தால் அவையும் தீவனமே. மீனின் உடல் வளர்வதற்கான புரதமும் மாவும் கொழுப்பும் இவற்றிலிருந்துதான் வருகின்றன.

பூண்டும் மஞ்சளும் அப்படிப்பட்டவை அல்ல. ஒரு கிலோ தீவனத்திற்கு ஐந்து அல்லது பத்து கிராம் மட்டுமே சேர்க்கப்படும் இவை கூட்டுப் பொருள்கள். சாப்பாட்டில் சோற்றுக்கும் பெருங்காயத்திற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். பெருங்காயம் ருசியைக் கூட்டும், செரிமானத்திற்கு உதவும்; ஆனால் சோற்றுக்குப் பதிலாகாது. பிண்ணாக்கைக் குறைத்துவிட்டு மூலிகையைக் கூட்டினால் மீன் வளராது.

இறால் குளங்கள் கற்றுக் கொடுத்த பாடம்

மூலிகையில் இவ்வளவு அக்கறை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை இந்தக் கடற்கரையே கண்டிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கிழக்குக் கரையில் இறால் வளர்ப்பு வேகமாகப் பெருகியது. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் பரவி, ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் குளம் குளமாக இறால் செத்தது. இந்த நோயை உண்டாக்குவது வைரஸ். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர வைரஸைத் தொடுவதில்லை. இருந்தும் பதற்றத்தில் அந்த மருந்துகளைக் குளத்திலும் தீவனத்திலும் கலந்தவர்கள் பலர். நோய் தீரவில்லை, மருந்தின் மிச்சம் மட்டும் இறாலின் சதையில் தங்கியது.

2002-ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பிய நாடுகள் இறக்குமதி இறாலில் நைட்ரோபியூரான் போன்ற மருந்துகளின் எச்சத்தைக் கண்டுபிடித்துச் சரக்குகளைத் திருப்பி அனுப்பின. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இறால் வளர்ப்பில் பயன்படுத்தக் கூடாத நுண்ணுயிர்க்கொல்லிகளின் பட்டியலும் வெளியிடப்பட்டது. 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய நாடுகள் கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை அடியோடு நிறுத்தின. இந்தியாவில் 2019 ஜூலையில் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்கு விற்பதும் தடை செய்யப்பட்டது.

தடைக்குக் காரணம் ஏற்றுமதி வியாபாரம் மட்டுமல்ல. நுண்ணுயிர்க்கொல்லியை அரைகுறை அளவில் நாள்தோறும் கொடுத்தால் குளத்திலுள்ள பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிவிடுகின்றன. பிறகு அதே மருந்து மீனுக்கும் கேட்பதில்லை. மனிதனுக்கு நோய் வரும்போதும் கேட்காமல் போகலாம். இப்படிப்பட்ட மருந்துகளை நாடாமல் மீனின் உடலையே திடப்படுத்தும் வழியைத் தேடியபோதுதான் ஆராய்ச்சியாளர்களின் கவனம் செடிகளின் பக்கம் திரும்பியது.

மீனின் உடலில் நடப்பது என்ன?

மீனின் முதல் காவல் அதன் உடல்மேல் உள்ள வழவழப்பான கோழை. அதைத் தாண்டி உள்ளே நுழையும் கிருமிகளை இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன. பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் போன்ற பொருள்களும் கோழையிலும் இரத்தத்திலும் உள்ளன. சில செடிகளிலுள்ள சத்துகள் இந்தக் காவலைத் தூண்டிவிடுகின்றன. வெள்ளணுக்கள் சுறுசுறுப்படைகின்றன, லைசோசைம் கூடுகிறது.

இரண்டாவது பலன் குடலில். பூண்டு, இஞ்சி போன்றவை செரிமான நீர்களைச் சுரக்கச் செய்து, தின்ற தீவனம் உடம்பில் ஒட்ட உதவுகின்றன. குடலிலுள்ள தீய பாக்டீரியாக்களை ஓரளவு அடக்குகின்றன.

மூன்றாவது பலன் கல்லீரலுக்கு. பழைய பிண்ணாக்கில் பூசணம் பிடித்தால் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகி, மீனின் கல்லீரலைக் கெடுக்கிறது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் போன்ற பொருள்கள் கல்லீரலுக்கு ஓரளவு பாதுகாப்புத் தருகின்றன. இதை நம்பிப் பூசணம் பிடித்த பிண்ணாக்கை மஞ்சள் கலந்து போடலாம் என்று எண்ணக்கூடாது. பூசணம் பிடித்த பிண்ணாக்கு எருக்குழிக்குத்தான் போகவேண்டும்.

ஆராய்ச்சியில் கண்டவை

நம் நாட்டுக் குளங்களில் சாதாரணமாகக் காணப்படும் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியா, மீன் சோர்ந்திருக்கும் சமயம் பார்த்துத் தாக்கும். உடலில் சிவந்த திட்டு, துடுப்பு அழுகல், வயிறு உப்பல் ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலான மூலிகை ஆராய்ச்சிகள் இந்த ஒரு கிருமியை வைத்தே செய்யப்பட்டவை. மூலிகை கலந்த தீவனத்தைச் சில வாரம் கொடுத்துவிட்டு, பிறகு கிருமியை மீனின் உடலில் செலுத்தி, எத்தனை மீன் பிழைக்கிறது என்று பார்ப்பார்கள்.

பூண்டு: ஒடிசாவில் புவனேசுவரம் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ரோகு மீன் தீவனத்தில் கிலோவுக்கு 1 கிராம், 5 கிராம், 10 கிராம் என்ற அளவுகளில் பூண்டு கலந்து 60 நாள் வரை கொடுத்தார்கள். பூண்டு தின்ற மீன்கள் கிருமியை நன்றாகத் தாங்கின.

மாங்கொட்டைப் பருப்பு: அதே நிலையத்தார் மாங்கொட்டையின் உள்பருப்பைக் காயவைத்துப் பொடித்து ரோகு மீனுக்குக் கொடுத்ததிலும் நோய் தாங்கும் திறன் கூடியது. கோடையில் வீசி எறியும் கொட்டையைச் சேமித்து வைத்தால் இதற்குச் செலவே இல்லை.

நாயுருவி: தில்லிப் பல்கலைக்கழக விலங்கியல் துறையார் நாயுருவி விதையை ரோகு மீனுக்குக் கொடுத்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த அளவுகளில் உயர்ந்தது நூறு கிலோ தீவனத்திற்கு அரைக் கிலோ, அதாவது கிலோவுக்கு 5 கிராம். வேலியோரத்தில் வேட்டியில் ஒட்டும் இந்த விதை வெள்ளணுக்களைத் தூண்டியதாக அவர்கள் கண்டார்கள்.

கரிசலாங்கண்ணி: மதுரை லேடி டோக் கல்லூரியில் கரிசலாங்கண்ணி இலையை நீரில் இறக்கிய சாற்றைத் திலேப்பியா மீனின் தீவனத்தில் கலந்து ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான இந்த ஆராய்ச்சியிலும் கிருமி செலுத்திய பின் சாவு குறைந்தது. அதே கல்லூரியில் தூதுவளையை வைத்தும் சோதனை நடந்தது.

இவை அனைத்தும் தொட்டிகளில், சுத்தமான தண்ணீரில், எண்ணி விட்ட மீன்களை வைத்துச் செய்தவை. ஒரு விவசாயியின் குட்டையில் அதே பலன் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல இயலாது. குட்டையில் பலன் எவ்வளவு என்று கண்டறியும் சுலபமான முறை கீழே சொல்லப்பட்டிருக்கிறது.

எப்போது கொடுப்பது?

ஆண்டு முழுவதும் நாள்தோறும் மூலிகை கொடுப்பது தவறு. காவற்காரனை இரவும் பகலும் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் அவன் களைத்துவிடுவான். அதுபோல நோய் எதிர்ப்புத் திறனை இடைவிடாமல் தூண்டினால் அது தளர்ந்துவிடக்கூடும். பதினைந்து நாள் கொடுத்து, குறைந்தது பதினைந்து நாள் நிறுத்துவது போதுமானது. செங்கற்பட்டு வட்டாரத்தில் மழையை நம்பிய குட்டைகளுக்கு மூன்று தருணங்கள் முக்கியமானவை.

ஒன்று, குஞ்சுகளை விட்ட பிறகு வரும் முதல் பதினைந்து நாள். பையில் அடைத்து வண்டியில் குலுங்கி வந்த குஞ்சுகள் சோர்ந்திருக்கும். உடலில் கீறலும் இருக்கும். தீவனத்திற்குப் பழகியவுடன் கொடுக்கத் தொடங்கலாம்.

இரண்டு, மார்கழிக் குளிருக்கு முன்பு. குளிர்ந்த தண்ணீரில் மீனின் எதிர்ப்புத் திறன் குறைகிறது. புண் நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் மழைக்குப் பின் வரும் இந்தக் குளிர் நாட்களில்தான். ஆகவே கார்த்திகைக் கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும். கார்த்திகை முதலில் குஞ்சு விட்டவர்களுக்கு இந்த முறையும் முதல் முறையும் ஒன்றாகிவிடும். இருமுறை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று, பங்குனிக் கடைசியில், சித்திரைக் கோடைக்கு முன்பு. தண்ணீர் வற்றி, மீன் பெருத்து, நெருக்கம் கூடும் சமயம் இது.

மீனைப் பிடித்து விற்பதற்கு ஒரு வாரம் முன்பே மூலிகையை நிறுத்திவிடுவது நல்லது. பூண்டின் வாடை சதையில் தங்கினால் வாங்குவோர் முகம் சுளிப்பார்கள்.

கலக்கும் முறை

ஒரே சமயத்தில் நான்கைந்து மூலிகைகளைக் கலக்க வேண்டாம். எதனால் பலன், எதனால் கெடுதல் என்று தெரியாமல் போய்விடும். கையருகே கிடைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. பத்துக் கிலோ தீவனத்திற்கான அளவு வருமாறு:

பூண்டு: தோலுரித்த பச்சைப் பூண்டு 100 கிராம். இதை நன்றாக நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பூண்டின் மருந்துச் சத்தான அல்லிசின், பல்லை நசுக்கிய பிறகே உண்டாகிறது. முழுப் பல்லாகப் போட்டாலோ வேகவைத்தாலோ அந்தச் சத்து கிடைக்காது.

மஞ்சள்: வீட்டில் இடித்த மஞ்சள் தூள் 50 கிராம். மஞ்சளின் குர்க்குமின் தண்ணீரில் கரையாது; எண்ணெயில்தான் கரையும். ஆகவே 100 மில்லி கடலை எண்ணெயில் குழைத்துச் சேர்க்கவேண்டும். கடைத்தூளில் சாயம் கலந்திருக்கலாம் என்பதால் கிழங்காக வாங்கி இடிப்பது மேல்.

நாயுருவி விதை அல்லது மாங்கொட்டைப் பருப்பு: நிழலில் காயவைத்து, மைபோல் பொடித்துச் சலித்த தூள் 50 கிராம்.

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையில் எடுத்துக்கொள்ளவும். பிண்ணாக்கை முன்கூட்டி ஊறவைத்துக் கரைத்துக்கொள்ள வேண்டும். 200 கிராம் மரவள்ளி மாவைக் கஞ்சி காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டிற்கு ஆறவிட்டு, அதில் மூலிகையைக் கலக்கவேண்டும். கொதிக்கும் கஞ்சியில் கலக்கக்கூடாது. பிறகு இந்தக் கஞ்சியைத் தீவனத்துடன் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிக்கவேண்டும். கஞ்சியின் பசை இல்லாவிட்டால் மூலிகை தண்ணீரில் கரைந்துபோகும். குட்டைக்கு மருந்து கொடுத்ததாக ஆகுமே ஒழிய மீனுக்குக் கொடுத்ததாக ஆகாது.

கடைக் குச்சித் தீவனம் போடுவோர், மூலிகையைக் கொஞ்சம் கஞ்சியிலோ எண்ணெயிலோ குழைத்துத் தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டி, ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். அன்றன்று கலந்ததை அன்றன்றே போட்டுவிட வேண்டும்.

உருண்டைகளைத் தட்டில் வைத்துக் குட்டையில் இறக்குவது சிக்கனமான முறை. புது வாடைக்கு மீன் முதலில் தயங்கலாம். ஆகவே முதல் மூன்று நாள் பாதி அளவு மூலிகை போதும். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்க்கவேண்டும். தீவனம் மிஞ்சியிருந்தால் மறுநாள் குறைத்துப் போடவேண்டும்.

ஒரு கணக்கு

அரை ஏக்கர் குட்டையில் 1,000 குஞ்சுகள் விட்டதாகவும் அவற்றில் 900 மிஞ்சியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வீச்சுவலை போட்டு இருபது மீன்களைப் பிடித்து எடை போட்டதில் சராசரி 200 கிராம் வருகிறது. அப்படியானால் குட்டையிலுள்ள மொத்த மீன் 180 கிலோ. நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் தீவனம் போட்டால் நாளொன்றுக்கு 5 கிலோ 400 கிராம். கிலோவுக்கு 10 கிராம் வீதம் பூண்டு 54 கிராம். பதினைந்து நாளைக்கு 810 கிராம். ஒரு கிலோ பூண்டுக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, கடைப் புட்டியின் விலை நியாயமானதா என்று விவசாயியே தீர்மானிக்கலாம்.

செடி என்பதனால் மட்டும் நல்லதாகிவிடாது

மூலிகைக்குக் கெடுதல் கிடையாது என்ற எண்ணம் மீன் விஷயத்தில் ஆபத்தானது. குட்டையிலுள்ள களை மீன்களைக் கொல்வதற்கு மீன்வளத் துறையார் சொல்லும் மருந்தே இலுப்பைப் பிண்ணாக்குதான். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்கு 1,000 கிலோ இட்டால் குட்டையில் மீன் மிஞ்சாது. இதிலுள்ள சபோனின் மீனின் இரத்த அணுக்களை உடைத்துவிடுகிறது. நஞ்சு தணிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மாட்டுத் தீவனத்திலும் எருவிலும் பழகியவர்கள் இதைக் கடலைப் பிண்ணாக்கைப் போல் எண்ணிவிடக் கூடாது.

நெல் வயலுக்குத் தழையுரமாகப் போடும் கொழிஞ்சி மீனுக்கு ஆகாது. புகையிலைக் கழிவு, கள்ளிப்பால் ஆகியவையும் நஞ்சு. வேப்பிலையும் வேப்பம் பிண்ணாக்கும் அளவு தப்பினால் மீனைக் கொல்லும். தெரிந்தவர் மேற்பார்வை இல்லாமல் இவற்றைத் தொடவேண்டாம். சூபாபுல் இலையில் மிமோசின் என்ற வேண்டாத பொருள் இருக்கிறது. முருங்கை இலைகூட அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால் வளர்ச்சியைக் குறைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ தெளித்த வரப்பிலிருந்து கரிசலாங்கண்ணியையும் நாயுருவியையும் பறிக்கக்கூடாது. மூலிகையோடு மருந்தும் குட்டைக்குள் போய்விடும். நெடுஞ்சாலை ஓரத்துத் தூசி படிந்த செடிகளும் சாக்கடை ஓரத்துச் செடிகளும் வேண்டாம்.

மூலிகையால் ஆகாதவை

தீவனத்தில் கலக்கும் மூலிகை மீனுக்குப் போய்ச் சேரும் வழி வாய். நோயுற்ற மீன் முதலில் நிறுத்துவது தின்பதைத்தான். ஆகவே நோய் முற்றிய மீனுக்குத் தீவனத்தில் எதைக் கலந்தாலும் அதனிடம் சேராது. மூலிகை என்பது வருமுன் காக்கும் முறை. வந்தபின் தீர்க்கும் மருந்தாக அதை நம்பிக் காலத்தைக் கடத்தினால் குட்டை காலியாகிவிடும்.

1988-இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் வந்த புண் நோய், பிறகு பல மாநிலங்களுக்கும் பரவி விரால், கெண்டை முதலிய மீன்களைப் பாழாக்கியது. இதற்கு மூலகாரணம் அபனோமைசிஸ் என்ற பூசண இனம். இப்படிப்பட்ட புண்ணைக் கண்டால் தண்ணீரைப் பரிசோதித்து, ஆலோசனைப்படி சுண்ணாம்பு இடுவதும், புண்பட்ட மீன்களை அகற்றிப் புதைப்பதுமே உடனே செய்யவேண்டியவை. அந்த மீன்களை அடுத்த குட்டையில் விடுவதோ, அந்த வலையைக் காயவைக்காமல் வேறு குட்டையில் வீசுவதோ கூடாது.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்தால் அது நோயல்ல. தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அதற்கு மூலிகை கிடையாது. உடனே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்தி, புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழும்படி பாய்ச்சவேண்டும். ஊர் பெருகிவரும் இடங்களில் சாக்கடை நீர் வரத்துக் கால்வாயில் கலந்தால் அதைத் தடுக்காமல் பூண்டு கொடுத்துப் பயனில்லை.

குட்டையைக் காயவைத்து, மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இட்டு, ஏக்கருக்கு 2,000 குஞ்சுகளுக்கு மேல் போகாமல் விட்டு, நல்ல தீவனத்தை அளவாகப் போடுபவருக்கு மூலிகை துணை செய்யும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டவரை அது காப்பாற்றாது.

சொந்தக் குட்டையில் சோதிப்பது எப்படி?

பக்கத்து ஊரில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது என்று கேட்டு மட்டும் செலவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் கொசுவலையை ஒத்த நைலான் வலையைப் பெட்டிபோல் தைத்து, மேலே மூடி, நான்கு மூங்கில் நட்டுக் குட்டைக்குள் கட்டவேண்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு வலைகள் தேவை. ஒரே அளவுள்ள ரோகு குஞ்சுகளை வலைக்கு இருபதாக எண்ணி, எடை போட்டு விடவேண்டும். இரண்டு வலைக்கும் ஒரே தீவனம், ஒரே எடை. ஒன்றில் மட்டும் மூலிகை. பதினைந்து நாள் கொடுத்து, பதினைந்து நாள் நிறுத்தி, மறுபடி பதினைந்து நாள் கொடுத்து, நாற்பத்தைந்தாம் நாள் எடை பார்க்கவேண்டும். வலையில் பாசி படிந்தால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம்: இரண்டு வலையிலும் தொடக்கத்தில் மீன் 1 கிலோ. இரண்டுக்கும் போட்ட தீவனம் 1 கிலோ 800 கிராம். முடிவில் வெறும் தீவனம் தின்ற வலையில் 1 கிலோ 900 கிராமும், மூலிகை வலையில் 2 கிலோவும் இருந்தால், முதல் வலையில் ஒரு கிலோ மீன் கூடுவதற்கு 2 கிலோ தீவனமும் இரண்டாவதில் 1 கிலோ 800 கிராமும் செலவாகியிருக்கிறது. அரை ஏக்கரில் 400 கிலோ மீன் எடுப்பவருக்கு இதனால் 80 கிலோ தீவனம் மிச்சம். பருவம் முழுவதும் இதே சுற்றில் பூண்டு கொடுத்தால் அதற்குச் செலவு ஏறத்தாழ 5 கிலோ பூண்டு. இரண்டின் அன்றைய விலையையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தால் லாபமா நஷ்டமா என்பது விளங்கிவிடும்.

எத்தனை மீன் செத்தது என்பதையும் எழுதி வைக்கவேண்டும். எடையில் வித்தியாசம் இல்லாமல் சாவு மட்டும் குறைந்திருந்தால் அதுவும் லாபமே. இரண்டிலும் வித்தியாசம் இல்லையென்றால் அந்த மூலிகையை விட்டுவிட்டு, அந்தக் காசை நல்ல பிண்ணாக்கிற்குச் செலவிடலாம்.

கடையில் வாங்கினால்

புட்டியில் என்ன செடி, எவ்வளவு, எந்த மாதம் தயாரித்தது, கிலோ தீவனத்திற்கு எத்தனை கிராம் என்ற விவரங்கள் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். 'இரகசியத் தயாரிப்பு' என்பதையும் 'எல்லா நோய்க்கும்' என்பதையும் ஒதுக்கிவிடவேண்டும். மூலிகை என்ற பெயரில் நுண்ணுயிர்க்கொல்லி கலந்து விற்கப்படலாம் என்பதையும் மறக்கக்கூடாது. உப்பங்கழியோரம் இறால் வளர்ப்போர், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் நுண்ணுயிர்க்கொல்லி இல்லையென்று சான்று கொடுத்த பொருளா என்று பார்த்து வாங்கவேண்டும். பட்டியல் சீட்டு கட்டாயம் பெறவேண்டும்.

ஆலோசனை தேவைப்படுவோர் கூடுவாஞ்சேரிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் மாவட்ட மீன்வளத் துறையையும் அணுகலாம். உவர்நீர் மீன், இறால் வளர்ப்புக்கு முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணை இருக்கிறது. நோயைக் கண்டறிய, செத்து நாறிய மீனைக் கொண்டுபோவதில் பயனில்லை. நோயின் அறிகுறியுள்ள, உயிரோடிருக்கும் மீனை அதே குட்டைத் தண்ணீரில் இட்டு எடுத்துச் செல்லவேண்டும். எப்போது குஞ்சு விட்டது, என்ன தீவனம், என்ன மூலிகை, எத்தனை நாள் கொடுத்தது என்று எழுதிய நோட்டையும் உடன் கொண்டுபோனால், காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகும். இந்தக் கார்த்திகையில் குஞ்சு விடுவோர், குஞ்சோடு ஒரு நோட்டும் தராசும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.